விரல் நுனியில் எழுதப்பட்டதா நம் பிள்ளைகளின் அறிவு?



எங்கள் மஹல்லாவின் திருமண மண்டப அறிவிப்புப் பலகையில் அந்தத் துண்டறிக்கை மறுபடியும் ஒட்டப்பட்டிருக்கிறது. “உங்கள் குழந்தை எந்த வகை அறிவாளி? மூன்று வயதிலேயே கண்டறியலாம்” என்பது அதன் தலைப்பு. கீழே எட்டு வண்ணம் தீட்டிய மூளைப் படம். அதற்கருகே ஒரு பெருவிரல் ரேகை. சென்ற ஆண்டு நடந்த முதல் முகாமுக்கு ஜமாஅத் நிர்வாகமே இலவசமாக இடம் கொடுத்தது. ஜும்ஆவுக்குப் பின் அறிவிப்பும் செய்யப்பட்டது. அஸர் தொழுகை முடிந்ததும் பெற்றோர் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றதை நான் கண்ணாரக் கண்டேன். பத்து விரல்களையும் ஒரு சிறு கருவியின் மேல் அழுத்தி எடுத்தார்கள். பிள்ளை ஒன்றுக்கு 4,500 ரூபாய். பத்து நாள் கழித்து, பளபளக்கும் தாளில் நாற்பது பக்க அறிக்கை வீடு வந்து சேர்ந்தது.

தொடக்கப் பள்ளியில் முப்பத்தொரு ஆண்டுகள் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். அன்றே வாய் திறந்திருக்க வேண்டும். நின்றவர்கள் அத்தனை பேரும் உறவினர்கள், பழைய மாணவர்கள்; மனம் நோகுமே என்று பேசாமல் திரும்பிவிட்டேன். அந்த மௌனத்தின் விலையை என் தங்கை மகன் கொடுத்தான். ஆகவேதான் இப்போது எழுதுகிறேன்.

அவனுக்கு அப்போது ஐந்து வயது. அறிக்கை அவனை மூன்று பங்காகப் பிரித்திருந்தது: கண்வழிக் கற்றல் 52 விழுக்காடு, செயல்வழிக் கற்றல் 37 விழுக்காடு, செவிவழிக் கற்றல் 11 விழுக்காடு. எட்டு வகை அறிவில் மொழியறிவுக்குக் கடைசி இடம். “இவனுக்குச் சொல்லிக் கொடுத்தால் ஏறாது, காட்டித்தான் கொடுக்க வேண்டும்” என்று ஆலோசகர் தொலைபேசியில் விளக்கினாராம். குடும்பம் அதை அப்படியே கடைப்பிடித்தது. இஷாவுக்குப் பின் உம்மம்மா மடியில் படுத்து நபிமார்களின் வரலாறு கேட்பது நின்றது. கைக்கணினியில் படம் பார்ப்பது தொடங்கியது. மக்தபில் உஸ்தாத் ஓத, பிள்ளைகள் கேட்டுத் திருப்பி ஓதுவார்கள். அது செவிவழி முறை. இவனுக்குப் பொருந்தாது என்று மக்தபிலிருந்தும் நிறுத்திவிட்டார்கள்.

நான்கு மாதம் கழித்து ஒரு நாள், முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தவனை நான் பின்னாலிருந்து மூன்று முறை அழைத்தேன். திரும்பவில்லை. தோளைத் தொட்டதும் திடுக்கிட்டுத் திரும்பி, “மாமா, எப்போ வந்தீங்க?” என்றான். வகுப்பறையில் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பலமுறை கண்டிருக்கிறேன். தங்கையிடம் சொன்னேன். அவள், “காக்கா, அவன் செவிவழிப் பிள்ளை இல்லைன்னு ரிப்போர்ட்லயே இருக்கே” என்றாள். வற்புறுத்திக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். இரண்டு காதுகளின் நடுச்செவியிலும் நீர் கோத்திருந்தது. சிறு பிள்ளைகளுக்கு அடிக்கடி வரக்கூடியது, சிகிச்சைக்குக் கட்டுப்படக்கூடியது. அல்ஹம்துலில்லாஹ், இப்போது நன்றாகக் கேட்கிறான். அம்ம ஜுஸ்விலிருந்து ஒன்பது சூராக்கள் மனனம்.

இதைக் கேட்ட என் மச்சான் ஒரு கேள்வி கேட்டார்: “அப்படியானால் அறிக்கை சரியாகத்தானே சொல்லியிருக்கிறது? காது பலவீனம் என்றுதானே எழுதியிருந்தது?” ஊரில் பலரும் இதையே கேட்கக்கூடும் என்பதால் பதிலைப் பொதுவிலேயே வைக்கிறேன். அறிக்கை நோயைச் சொல்லவில்லை. பிறவி இயல்பு என்று ஒன்றைச் சொன்னது. நோய் என்றால் மருத்துவரிடம் போவோம். இயல்பு என்றால் ஏற்றுக்கொண்டு சும்மா இருப்போம். நான்கு மாதம் சும்மா இருந்தோம். அதே முகாமில் செவிவழி 11, 12, 13 என்று எழுதி வாங்கிய பிள்ளைகள் இன்னும் சிலரை எனக்குத் தெரியும். அவர்களுடைய காதுகளில் எந்தக் குறையும் இல்லை. நின்றுபோன கடிகாரமும் நாளுக்கு இருமுறை சரியான நேரம் காட்டும்.

இனி, துண்டறிக்கை யாருடைய பெயரைச் சொல்லிப் பணம் பெறுகிறதோ அந்த மனிதர் என்ன சொன்னார் என்று பார்ப்போம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ஹவார்டு கார்ட்னர் 1983இல் வெளியிட்ட நூலில், அறிவு என்பது ஒற்றை எண்ணால் அளந்துவிடக்கூடிய ஒரே பொருள் அன்று என்றார். மூளையில் அடிபட்டுப் பேச்சை இழந்த நோயாளிகளையும், தனித்திறமை மிக்க குழந்தைகளையும் ஒருசேர ஆராய்ந்தவர் அவர். சொல்லை இழந்தவரிடம் இசை அப்படியே தங்கியிருக்கக் கண்டார். கணக்கில் மேதையான சிறுவன், பிறர் மனத்தை அறிவதில் தடுமாறுவதைக் கண்டார். மொழி, தருக்கமும் கணக்கும், இசை, உடலியக்கம், இடவுணர்வு, பிறரை அறிதல், தன்னை அறிதல் என ஏழு அறிவுகளை வகுத்தார். பின்னர் இயற்கையை அறியும் அறிவை எட்டாவதாகச் சேர்த்தார். எவருக்கும் இவற்றில் ஒன்று மட்டும் உண்டு என்று அவர் சொல்லவில்லை. எல்லாருக்கும் எல்லாமும் உண்டு, கலவைதான் வேறுபடுகிறது, அதுவும் பயிற்சியாலும் சூழலாலும் வளரும் என்பதே அவர் கூறியது.

இக்கோட்பாட்டை உளவியலாளர் எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள் என்று எண்ண வேண்டாம். ஒரு திறனில் சிறந்தவர் பிற திறன்களிலும் ஓரளவு சிறப்பதையே சோதனைகள் காட்டுகின்றன என்று 1904இலேயே சார்லஸ் ஸ்பியர்மன் எழுதினார். அந்த எதிர்வாதம் இன்றும் உயிரோடு இருக்கிறது. கார்ட்னர் அறிவு என்று அழைப்பதைத் திறமை என்று அழைத்தால் போதாதா என்று கேட்போரும் உண்டு. நியாயமான கேள்விதான். அது அறிஞர்களின் சபையில் நடக்கட்டும். நம் மண்டபத்தில் நடந்ததற்கும் அந்த விவாதத்துக்கும் தொடர்பே இல்லை. விரல் ரேகையிலிருந்து இந்த அறிவுகளைப் படித்தறியலாம் என்று கார்ட்னர் ஒருபோதும் எழுதவில்லை. இத்தகைய சோதனைகளைத் தாம் ஏற்கவில்லை என்று வெளிப்படையாகவே கூறியிருக்கிறார். இந்திய மனநல மருத்துவர் சங்கமும் டி.எம்.ஐ.டி. எனப்படும் இச்சோதனைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று அறிவித்துவிட்டது.

ரேகைகளைப் பற்றி நம்மவர்கள் அறிய வேண்டிய வேறொரு வரலாறு உண்டு. ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன் 1892இல் விரல் ரேகைகளைப் பற்றி ஒரு நூலே எழுதினார். மேதைமை பரம்பரையாக வருவது என்று நம்பியவர் அவர். ரேகையில் அதன் அடையாளம் கிடைக்காதா என்று ஆசையோடு தேடினார். படித்தவர்கள், பண்ணைத் தொழிலாளர்கள், மனவளர்ச்சி குன்றியவர்கள் எனப் பலதரப்பட்டோரின் ரேகைகளை ஒப்பிட்டார். வேறுபாடு எதுவும் கிடைக்கவில்லை என்று நேர்மையாக எழுதியும் வைத்தார். கிடைக்க வேண்டும் என்று விரும்பியவருக்கே கிடைக்காதது, நூற்று முப்பது ஆண்டுகள் கழித்து நம் ஊர் மண்டபத்தில் 4,500 ரூபாய்க்குக் கிடைக்கிறது!

அடுத்த சில ஆண்டுகளில் கல்கத்தாக் காவல் துறையில் காஜி அஜீஸுல் ஹக் என்ற இளைஞர் சேர்ந்தார். கணிதம் படித்தவர், வங்காள முஸ்லிம். இலட்சக்கணக்கான ரேகைகளுள் ஒன்றை நொடியில் தேடி எடுப்பதற்கு 1,024 அறைகளாகப் பகுக்கும் கணித வழியை அவர் வகுத்துக் கொடுத்தார். ஹேமசந்திர போஸும் உடன் உழைத்தார். 1897இல் கல்கத்தாவில் ரேகைப் பதிவகம் திறக்கப்பட்டது. முறைக்குப் பெயர் மட்டும் மேலதிகாரி எட்வர்டு ஹென்றியின் பெயராக அமைந்துவிட்டது, அது தனிக்கதை. ரேகையைக் கரைத்துக் குடித்த அந்த மனிதர்கள், இவர் யார் என்பதை அதிலிருந்து சொன்னார்கள். இவருக்கு என்ன வரும், என்ன வராது என்று சொல்லவில்லை.

“கருவில் மூளை உருவாகும் காலத்தில்தான் ரேகையும் உருவாகிறது, ஆகவே ஒன்றில் மற்றொன்று பதிந்திருக்கிறது” என்பது இவ்வணிகர்களின் முதன்மை வாதம். அதே காலத்தில்தான் சிறுநீரகமும் வளர்கிறது, காது மடலும் வளர்கிறது. ஒரே மாதத்தில் கட்டிய இரண்டு வீடுகளுள் ஒன்றின் சுவரைத் தடவி, மற்றதில் எத்தனை அறைகள் என்று சொல்ல முடியுமா? தவிர, ரேகை பிறப்பதற்கு முன்பே நிலைத்துவிடுகிறது. மூளையோ பிறக்கும்போது வளர்ந்தவர் மூளையின் எடையில் ஏறத்தாழக் கால் பங்குதான். மீதி வளர்ச்சி நம் வீட்டில், நம் பேச்சில், நம் மடியில் நடக்கிறது. மாறாத ஒன்றைக் கொண்டு, நாளும் மாறிக்கொண்டிருக்கும் ஒன்றை அளக்க வருகிறார்கள்.

முகாமில் என்னை மிகவும் வருத்திய செய்தி வேறு. மேடையில் பேசியவர் அல்கியாமா அத்தியாயத்தின் நான்காம் வசனத்தை ஓதி, விரல் நுனிகளின் இரகசியத்தைக் குர்ஆன் அன்றே சொல்லிவிட்டது என்றார். கூட்டத்தில் தக்பீர் முழங்கியது. அவ்வசனம் பேசுவது மறுமையில் மனிதனை மீண்டும் எழுப்பும் இறைவனின் ஆற்றலைப் பற்றி. எலும்புகளை ஒன்று சேர்க்க முடியுமா என்று ஐயுற்றவனுக்கு, விரல் நுனிகளைக்கூடச் செம்மையாக்க வல்லவன் அவன் என்று கூறப்பட்ட பதில் அது. மூன்றாம் வசனத்தோடு சேர்த்து ஓதினால் மக்தப் பிள்ளைக்கும் விளங்கும். ஐந்து வயதுப் பிள்ளை பொறியாளர் ஆவானா, கணக்கர் ஆவானா என்பதற்கும் இதற்கும் என்ன உறவு?

பேருந்து நிலையத்தில் கைரேகை பார்ப்பவர் கையை நீட்டினால், அவூது ஓதிக்கொண்டு விலகிச் செல்லும் சமுதாயம் நாம். குறி சொல்பவரிடம் சென்று கேட்டவரின் நாற்பது நாள் தொழுகை ஏற்கப்படாது என்ற எச்சரிக்கையை ஸஹீஹ் முஸ்லிமில் படித்திருக்கிறோம். அதே கையை, கணினியும் கழுத்துப்பட்டையும் உள்ள ஒருவரிடம் நீட்டி, இருபது ஆண்டுகளுக்குப் பின் என் பிள்ளை என்ன ஆவான் என்று கேட்கிறோம். மார்க்கத் தீர்ப்பு வழங்குவது உலமாக்களின் வேலை, அதில் நான் தலையிடவில்லை. நம் ஆலிம்களிடம் இதை ஒருவரேனும் கேட்டோமா என்பதே என் வினா.

பெற்றோரை மட்டும் குறை சொல்லி நான் தப்பித்துக்கொள்ளக் கூடாது. இந்தத் தாகத்தை உண்டாக்கியவர்கள் ஆசிரியர்களாகிய நாங்கள். மூன்றரை வயதுப் பிள்ளைக்கு நேர்முகத் தேர்வு, யு.கே.ஜி.யில் தர வரிசை, முதல் வகுப்பில் சிவப்பு மையில் வட்டமிட்ட மதிப்பெண் என்று நடத்திவிட்டு, உங்கள் பிள்ளை மந்தம் என்று வாயிற்படியில் வைத்துச் சொன்னால் எந்த உம்மாவின் மனம்தான் தாங்கும்? “அவன் மந்தம் இல்லை, அவனுடைய அறிவு வேறு வகை” என்று யாரேனும் ஒருவர் சொன்னால் கழுத்துச் சங்கிலியைக் கழற்றியும் கொடுப்பாள். 1905இல் பாரிசில் ஆல்பிரெட் பினே அறிவுச் சோதனையை முதன்முதலாக வகுத்ததே, பின்தங்கும் பிள்ளைகளுக்குக் கூடுதல் உதவி கிடைக்கட்டும் என்பதற்காகத்தான். அறிவு பிறவியிலேயே முடிந்துபோன அளவு என்று சொல்வோரை அவர் கடுமையாக எதிர்த்தார். அவர் மறைந்த பின் அதே சோதனை ஆட்களைத் தரம் பிரித்து ஒதுக்கும் முத்திரையாயிற்று. கார்ட்னர் அம்முத்திரையை உடைக்க வந்தார். இப்போது அவர் பெயராலேயே எட்டு முத்திரைகள் செய்து விற்கிறார்கள்.

“இவன் கண்ணால் கற்பவன், அவள் காதால் கற்பவள்” என்ற பேச்சு மண்டபத்தோடு நிற்கவில்லை, பள்ளிகளிலும் நுழைந்துவிட்டது. நானும் சில காலம் அதை நம்பி வகுப்பை மூன்றாகப் பிரித்து அமர்த்தியவன்தான். 2008இல் ஹெரால்டு பாஷ்லரும் உடன் ஆய்வாளர்களும் இதுபற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, பிள்ளையின் ‘கற்றல் பாணி’க்கு ஏற்பப் பாடம் நடத்தினால் கூடுதலாகக் கற்கிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றார்கள். பல்வகை அறிவு வேறு, கற்றல் பாணி வேறு, இரண்டையும் குழப்ப வேண்டாம் என்று கார்ட்னரும் 2013இல் எழுதினார்.

ஆய்வு இருக்கட்டும், நம் அன்றாடத்தைப் பாருங்கள். ஐனுக்கும் ஹம்ஸாவுக்கும் உள்ள வேறுபாட்டை எந்தப் பிள்ளையும் கண்ணால் கற்க முடியாது. உஸ்தாதின் வாயிலிருந்து காதால் கேட்டுத்தான் கற்க வேண்டும். இலங்கை எந்தத் திசையில் இருக்கிறது என்பதை வரைபடம் காட்டாமல் எந்தப் பிள்ளைக்கும் விளக்க முடியாது. ஒளூச் செய்வதைத் தண்ணீர் தொடாமல் சொல்லிக் கொடுத்தால், வாய் ஒப்பிக்கும், முழங்கை நனையாது. காதா கண்ணா கையா என்பதைப் பிள்ளையின் ரேகை தீர்மானிப்பதில்லை. பாடம் தீர்மானிக்கிறது. நல்ல ஆசிரியர் ஒரே பாடத்துக்கு மூன்று நான்கு வாசல் திறந்து வைப்பார், எல்லாப் பிள்ளைகளுக்கும். கூட்டலைப் புளியங்கொட்டையில் ஆரம்பித்து, பல்லாங்குழியில் விளையாட்டாக்கி, கடைக்கு அனுப்பிச் சில்லறை எண்ணி வாங்கி வரச் செய்து, பிறகு சிலேட்டில் எழுத வைத்த என் முதல் தலைமையாசிரியர் உளவியல் நூல் எதையும் படித்தவர் அல்லர். கொட்டையில் பிடிபடாத பிள்ளைக்குச் சில்லறையில் பிடிபடும். சிலேட்டில் தடுமாறுபவள் பல்லாங்குழியில் அவரையே தோற்கடிப்பாள். யாரையும் ஒரு வாசலில் நிறுத்தி, இதுதான் உன் வாசல், மற்றவை உனக்கு மூடியவை என்று அவர் சொன்னதில்லை. சிறு வயதில் பலவீனமாகத் தெரியும் திறனுக்குத்தான் கூடுதல் பயிற்சி வேண்டும். நாம் செய்வதோ தலைகீழ்: பலவீனம் என்று தாளில் எழுதப்பட்டதும் அந்தப் பயிற்சியையே நிறுத்திவிடுகிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சிலருக்குக் கசக்கும். ரேகைக் கருவி வருவதற்கு வெகு காலம் முன்பே நம்மிடம் ஒரு முத்திரை இருந்தது. “நம்ம பிள்ளைகளுக்கு வியாபாரப் புத்திதான், படிப்பு ஏறாது” என்று எத்தனை வாப்பாமார் என் முன் நின்று சொல்லியிருக்கிறார்கள்! எட்டாம் வகுப்போடு கடைக்கு, பதினெட்டு வயதில் வெளிநாட்டுக்கு. ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள முஸ்லிம் பிள்ளைகளில் நால்வரில் ஒருவர் பள்ளிக்கே போகாதவர் அல்லது இடையில் நின்றவர் என்று 2006இல் சச்சார் குழு நாடு முழுவதற்குமான கணக்கைக் கொடுத்தது. அதற்கு வறுமையும் புறக்கணிப்பும் காரணங்கள். அவற்றை அரசிடம் கேட்போம். நம் வாயால் நாமே குத்திய முத்திரையை யாரிடம் கேட்பது? ஆஸ்திரேலியாவில் 1990களின் தொடக்கத்தில் ஒரு மாநிலக் கல்வித் திட்டம், எந்த இனத்தாருக்கு எந்த அறிவு உண்டு, எது இல்லை என்று கார்ட்னரின் வகைப்பாட்டை வைத்தே பட்டியல் போட்டது. செய்தி அறிந்த கார்ட்னர் அந்நாட்டுத் தொலைக்காட்சியிலேயே தோன்றி, இது போலி அறிவியல் என்று கண்டித்தார். திட்டம் கைவிடப்பட்டது. பிறர் நம்மைப் பற்றி அப்படி ஒரு பட்டியல் போட்டால் வீதிக்கு வந்திருப்போம். நாமே போட்டுக்கொண்டதைத் திருமண வீட்டில் பெருமையாகப் பேசுகிறோம்.

பிள்ளையின் திறமையை எப்படித்தான் அறிவது என்று கேட்பீர்கள். அருகில் இருந்து பார்த்து அறிய வேண்டும். பாங்கின் சொற்களைக் கனவில் கண்டவர் அப்துல்லாஹ் பின் ஸைத் (ரலி). ஆனால் பாங்கு சொல்லும் பணியை நபி (ஸல்) அவர்கள் குரல்வளம் மிக்க பிலால் (ரலி) அவர்களிடம் கொடுக்கச் சொன்னார்கள். பிலாலின் குரலை அவர்கள் கேட்டிருந்தார்கள், அவ்வளவுதான். இளைஞர் ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களை யூதர்களின் எழுத்தைக் கற்கச் சொன்னார்கள். அரை மாதத்தில் கற்றுவிட்டார். அந்தக் கூர்மையும் பழகிப் பார்த்து அறிந்ததே. தம்பியாக ஓடித் திரிந்த அபூ உமைரிடம், அவன் வளர்த்த சிட்டுக்குருவி என்னவாயிற்று என்று கேட்டார்கள். ஒரு பிள்ளையின் உலகத்தில் எது பெரியது என்பதை அறிந்தவர்தான் அப்படிக் கேட்க முடியும். நம் பிள்ளை வளர்க்கும் குருவியின் பெயர் நம்மில் எத்தனை வாப்பாமாருக்குத் தெரியும்? அறிக்கையின் இருபத்தேழாம் பக்கத்தில் ‘இயற்கை அறிவு 14 விழுக்காடு’ என்பது தெரியும்.

மண்டபத்தில் ஒட்டிய துண்டறிக்கையில் அடுத்த முகாம் இம்மாதக் கடைசி ஞாயிறு என்று இருக்கிறது. ஜமாஅத் நிர்வாகிகளிடம் மரியாதையுடன் சில வேண்டுகோள்கள். இடம் கொடுப்பதற்கு முன், அந்நிறுவனம் சென்ற ஆண்டு எழுதிக் கொடுத்த அறிக்கைகளில் இருபதை வாங்கி, பெயரை மறைத்து அதே பெற்றோரிடம் கலைத்துக் கொடுங்கள். எது தம் பிள்ளையுடையது என்று எத்தனை பேர் சரியாக எடுக்கிறார்கள் என்று பார்ப்போம். ஒரே பிள்ளையின் விரல்களை ஒரு மாத இடைவெளியில் வேறு பெயரில் இருமுறை பதியச் செய்து, இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் வைத்துப் படிப்போம். செலவை நான் தருகிறேன். இவ்விரண்டுக்கும் நிறுவனம் உடன்படாவிட்டால், அந்த ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தை ஒரு காது, கண் பரிசோதனை முகாமுக்குக் கொடுங்கள். என் தங்கை மகனைப் பார்த்த மருத்துவரிடம் பேசிவிட்டேன். கட்டணம் இல்லாமல் வர ஒப்புக்கொண்டிருக்கிறார். அஸருக்கு முன்பே வந்துவிடுவாராம்.